பார்க்கிறவரை எங்கே நிறுத்துகிறார்கள்?

1976 ஜூன் மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் சன்செட் பூல்வார்டு என்றொரு சாலை. சினிமாவுக்கும் பாட்டு ஆல்பங்களுக்கும் ராட்சத விளம்பரப் பலகைகள் வரிசை கட்டி நிற்கும் இடம். ஒரு காலத்தில் சென்னை அண்ணா சாலையில் கட்-அவுட்டுகள் நின்றதை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே புதிதாக ஒரு பலகை ஏறியது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரபல இசைக்குழுவின் புதிய ஆல்பத்துக்கான விளம்பரம். படத்தில் ஒரு பெண். கைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறது, உடை கிழிந்திருக்கிறது, உடம்பில் அடிபட்டுக் கன்றிய தடங்கள். ஆனால் முகத்தில் வலி இல்லை, சொக்கிப்போன பார்வை. ஆல்பத்தின் பெயர் 'பிளாக் அண்ட் புளூ'. ரத்தம் கட்டிக் கன்றிப்போன தோலை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் அந்தப் பெண்ணே பேசுவதுபோல ஒரு வாசகம்: ரோலிங் ஸ்டோன்ஸால் உடம்பெல்லாம் கன்றிக் கிடக்கிறேன், எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அந்தப் பெண் ஒரு மாடல், தடங்கள் ஒப்பனை. அப்படியிருக்க இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். அன்றைக்குப் பலர் கேட்டார்கள்; இன்றைக்கும் ஒரு பாட்டையோ படக்காட்சியையோ பற்றி வாய் திறந்தால், 'சும்மா ஜாலிக்குத்தானே' என்ற பதில் உடனே வந்து விழுகிறது. அந்த 'சும்மா ஜாலி' எப்படி உருவாகிறது என்று கேட்ட சில கலைஞர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்தப் படம், இந்தச் செய்தி, இந்தக் காட்சி, பார்க்கிற என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?

கேள்வி புரிய ஒரு பழைய கதை உதவும். கத்தோலிக்கத் தமிழ் விவிலியம் வைத்திருப்பவர்கள் தானியேல் நூலின் இணைப்புகளில் சூசன்னாவின் கதையைப் படித்திருப்பார்கள். தோட்டத்தில் குளிக்கப் போகும் சூசன்னாவை இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். 'எங்களோடு இணங்கு, இல்லையென்றால் நீ வேறொருவனோடு இருந்தாய் என்று பழி போடுவோம்' என்று மிரட்டுகிறார்கள். அவள் இணங்கவில்லை. பழி விழுகிறது, மரண தண்டனை வரை போகிறது, கடைசியில் தானியேல் அந்தப் பொய்யை உடைக்கிறார். கதை சூசன்னாவின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் ஐரோப்பிய ஓவியர்கள் இதை வரைந்த விதம் வேறு. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் ஓவியர் டின்டொரெட்டோ வரைந்த சூசன்னா இப்போது வியன்னாவில் இருக்கிறது. அழகான தோட்டம், எதிரே கண்ணாடி, ஒளி முழுக்க அவள் உடம்பின் மேல். முதியவர்கள் வேலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாமோ அந்த முதியவர்களைவிட வசதியான இடத்தில் நிற்கிறோம். அவர்களைத் திட்டிக்கொண்டே அவர்கள் பார்ப்பதையே இன்னும் நன்றாகப் பார்க்கலாம். எட்டிப் பார்ப்பது தவறு என்று சொல்லும் கதை, எட்டிப் பார்ப்பதற்கான டிக்கெட்டாக மாறிவிட்டது.

1610இல் ரோமைச் சேர்ந்த ஆர்டெமீசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் இதே கதையை வரைந்தார். வயது பதினேழு. தோட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. வெறும் கல் திண்ணை. மதிலுக்கு மேலிருந்து இரண்டு ஆண்கள் அவள் தலைக்கு மேலேயே கவிழ்ந்து குசுகுசுக்கிறார்கள். அவள் உடம்பை முறுக்கி, கையை உயர்த்தி, அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இங்கேயும் உடம்பு நிர்வாணம்தான். ஆனால் கண் நேராகப் போவது அந்த முறுக்கலுக்கும் அந்தக் கைக்கும். நமக்குப் பக்கத்தில் இருப்பது முதியவர்களின் ஆசையை விட அவளுடைய மூச்சுத்திணறல். அதே கதை, அதே மூன்று பேர். நம்மை நிறுத்திய இடம் மட்டும் மாறிவிட்டது.

(ஒரு சின்னத் திருத்தம். ஆர்டெமீசியா தான் வன்புணர்வுக்கு ஆளான கோபத்தில்தான் இதை வரைந்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தக் கொடுமை நடந்தது 1611இல், ஓவியம் அதற்கு முந்திய ஆண்டு. 1612 விசாரணையில் அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். அந்த விசாரணையின் ஆவணங்கள் கிடைக்கின்றன என்பதால் அவர் வரைந்த ஒவ்வொரு தூரிகைக் கீற்றையும் அந்த ஒரு நாளோடு முடிச்சுப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதுவும் ஒருவகையில் அவருடைய துன்பத்தைச் சுவையான கதையாக்குவதுதான்.)

நம்மூரிலேயே ஒரு கெட்டிக்கார ஏற்பாடு உண்டு. பாரதக் கூத்தில் துகிலுரியும் காட்சி வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதி வேடத்தின் சேலையில் கை வைப்பதற்கு முன் பல ஊர்களில் கற்பூரம் ஏற்றுவார்கள், வேடக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். விடிய விடிய நடக்கும் கேளிக்கைதான், கட்டியங்காரன் அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்த கூட்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் ரசிகன் கும்பிடுகிறவனாக மாறிவிடுகிறான். காட்சியை எடுத்துவிடவில்லை, பார்ப்பவன் நிற்கிற இடத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

சரி, லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவோம். அந்த 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் ஒரு மலிவுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சியில் ஒரு நடிகையை உண்மையாகவே கொல்வதைப் படம்பிடித்திருக்கிறார்கள் என்று விற்பனைக்காகவே வதந்தி பரப்பினார்கள். தென் அமெரிக்காவில் எடுத்த படம், அங்கே உயிர் மலிவு என்ற பொருள்பட விளம்பரம் வேறு. நியூயார்க்கில் அரசு வழக்குரைஞர் அலுவலகமே விசாரித்து, அந்த நடிகை உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லவேண்டி வந்தது. கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுத்தது எது என்பதை யோசிக்க வேண்டும்: 'ஒருவேளை நிஜமாக இருக்குமோ' என்ற ஆசை. இந்தப் படத்தை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். பெயரே நேரடி: 'பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பெண்கள்'. அடுத்து அவர்கள் கண்ணில் பட்டது சன்செட் பூல்வார்டு பலகை. அதன் மேல் 'இது பெண்களுக்கு எதிரான குற்றம்' என்று எழுதினார்கள், செய்தியாளர்களைக் கூப்பிட்டார்கள், பலகை இறங்கியது. டிசம்பரில், அந்த ஆல்பத்தை விநியோகித்த வார்னர் குழுமத்தின் இசைத்தட்டுகளை வாங்காதீர்கள் என்று புறக்கணிப்பை அறிவித்தார்கள். 1979 நவம்பரில் அந்த நிறுவனம் ஆல்பம் விளம்பரங்களில் பெண்கள் மீதான வன்முறையைக் காட்ட மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளும்வரை அது நீண்டது. அரசாங்கத் தணிக்கையை அவர்கள் கேட்கவில்லை என்பது முக்கியம். காசு கொடுத்து வாங்குகிறவர்களாகத்தான் நிறுவனத்தோடு பேசினார்கள்.

இந்தச் சூழலுக்குள்தான் இரண்டு கலைஞர்கள் வருகிறார்கள். ஒருவர் சுசான் லேசி. விலங்கியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். இன்னொருவர் லெஸ்லி லெபோவிட்ஸ். ஜெர்மனியில் யோசெஃப் பாய்ஸ் என்ற கலைஞரிடம் பயின்றுவிட்டு ஊர் திரும்பியவர். இவர்கள் செய்தது நிகழ்த்துகலை. ஓவியமாக மாட்டிவைக்காமல், ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் மனிதர்களைக் கொண்டு ஒரு செயலை நிகழ்த்திக் காட்டுவது. நாடகத்துக்கும் ஊர்வலத்துக்கும் சடங்குக்கும் நடுவே எங்கோ இருக்கும்.

1977 மே மாதத்தில் லேசி செய்ததைக் கேளுங்கள். நகராட்சித் தலைமைக் கட்டடத்தை ஒட்டிய கடைவளாகத்தில் லாஸ் ஏஞ்சலஸின் பெரிய மஞ்சள் வரைபடம் ஒன்றை வைத்தார். தினமும் காவல் துறைக்குப் போய், முந்தைய நாள் பதிவான வன்புணர்வுப் புகார்களின் விவரத்தை வாங்கி வருவார். எந்த இடத்தில் நடந்ததோ வரைபடத்தில் அந்த இடத்தில் 'ரேப்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் முத்திரை குத்துவார். ஒவ்வொரு முத்திரையையும் சுற்றி மங்கலாக இன்னும் ஒன்பது முத்திரைகள். போலீஸுக்கே போகாத புகார்கள் அவ்வளவு இருக்கும் என்பது அன்றைய கணிப்பு. பக்கத்தில் இரண்டாவது வரைபடம். உதவி எங்கே கிடைக்கும், எந்த எண்ணை அழைக்கலாம் என்ற விவரங்களோடு. மூன்று வாரம் இப்படி.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், துணி வாங்க வந்தவர் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொரு நாளும் மஞ்சளில் சிவப்பு கூடுகிறது. இங்கே ஒரு உடம்பும் இல்லை, ரத்தம் இல்லை, கொலைகாரன் இல்லை, கதையே இல்லை. வரைபடத்தைப் பார்க்கிறவர் முதலில் தேடுவது எதை? தன் வீடு இருக்கும் தெருவைத்தான். அந்த விரல் தேடும் இடத்தில் அவரை நிறுத்துகிறார் லேசி.

ஐந்து வருடத்துக்கு முன்னால், 1972இல், லேசியும் ஜூடி சிகாகோ உள்ளிட்ட வேறு மூன்று கலைஞர்களும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் ஒலிநாடா ஓடிக்கொண்டே இருக்க, முன்னால் முட்டை, மாட்டு ரத்தம், களிமண் நிரப்பிய தொட்டிகள். சுவரில் ஆணியடித்த மாட்டுச் சிறுநீரகங்கள். பார்த்தவர்கள் உறைந்து போயிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்தவர்கள் பெரும்பாலும் கலை உலகத்தார். என் பார்வையில், வரைபடத்தின் துணிச்சல் அதைவிடப் பெரியது. அதிர்ச்சி தருவதை விட்டுவிட்டு, கணக்கெழுதுகிற வேலையைக் கலையாக்கியிருக்கிறார்.

வரைபடம் வைத்த அதே 1977இன் இலையுதிர் காலத்தில் நிஜம் வந்து கதவைத் தட்டியது. அக்டோபரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவுகளில் பெண்களின் உடல்கள் கிடைக்க ஆரம்பித்தன. வன்புணர்ந்து, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். முதலில் இறந்தவர்களைப் பாலியல் தொழிலாளர்கள் என்று நினைத்தவரை செய்தித்தாள்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நவம்பர் கடைசியில் ஒரே வாரத்தில் பல உடல்கள் கிடைத்தன. அவற்றில் பள்ளிச் சிறுமிகளும் இருந்தார்கள். அப்போதுதான் பத்திரிகைகள் விழித்தன. விழித்த கையோடு கொலைகாரனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டின: 'ஹில்சைடு ஸ்ட்ராங்ளர்', மலைச்சரிவுக் கழுத்துநெரிப்பான். சினிமா வில்லன் பெயர் மாதிரியே இருக்கிறது இல்லையா? கொன்றவன் ஒருவன் இல்லை, இரண்டு பேர் என்பது பின்னால் தெரிந்தது. பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிற்பாடு இந்தக் கொலைகளை வைத்துத் தொலைக்காட்சிப் படமும் சினிமாவும் வந்தன. அந்த இருவரின் பெயர்களை இணையத்தில் ஒரு நொடியில் தேடி எடுக்கலாம். நான் இங்கே எழுதப் போவதில்லை.

இந்தச் செய்திகள் எப்படிக் கேளிக்கையாக வேலை செய்தன என்று பாருங்கள். கொலைகாரனுக்குப் பெயர், மர்மம், ஒரு 'ஸ்டைல்' கிடைக்கிறது. இறந்தவர்களுக்கு வரிசை எண் கிடைக்கிறது. அந்தப் பெண் ராத்திரி எங்கே போனாள், யாரோடு பழகினாள் என்று அவள் வாழ்க்கை கிளறப்படுகிறது. படிக்கிறவர் துப்பறியும் ஆளின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்: அடுத்தது யார், எப்போது? பெண் வாசகருக்கு மட்டும் கூடுதலாக ஓர் இடம் உண்டு, அடுத்த பலியின் இடம். வெளியே போகாதே, கதவைப் பூட்டிக்கொள் என்பதே அவளுக்கான செய்தி.

இந்த இடத்தில் தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு ஏதாவது நினைவு வந்திருக்கும். கைதான பெண்ணாக இருந்தால் 'அழகி'. இறந்த பெண்ணாக இருந்தால் 'கள்ளக்காதல் காரணமா?' என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்விக்குறி. 'கற்பழிப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமையைச் செய்தவனின் குற்றம் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. அவளிடமிருந்து ஏதோ அழிந்து போனது என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. அந்தச் சொல்லை விட்டு 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று மாறுவதற்குப் பெண்ணியர்கள் எவ்வளவு காலம் வாதாடினார்கள். வார்த்தையும் ஒரு கேமரா கோணம்தான்.

1977 டிசம்பர் 13. லேசியும் லெபோவிட்ஸும் பல பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். பெண் கலைஞர்கள் நடத்திவந்த 'வுமன்ஸ் பில்டிங்' என்ற இடத்திலிருந்து ஓர் அமரர் ஊர்தி கிளம்பியது. பின்னால் சுமார் அறுபது பெண்கள் கார்களில், பகலிலேயே முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி. நகராட்சிக் கட்டடத்தை இரண்டு முறை சுற்றி வந்து படிக்கட்டு முன்னால் நின்றார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் காத்திருந்தன. ஊர்தியின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள், தலை முதல் கால் வரை கறுப்புத் துணி போர்த்திய பெண்கள். தலையில் வைத்த உயரமான அமைப்பால் ஒவ்வொருவரும் ஏழடி உயரம். கடைசியாக இறங்கியவர் மட்டும் சிவப்பு.

முதல் பெண் ஒலிபெருக்கியில் சொன்னார்: அக்டோபர் 18க்கும் நவம்பர் 29க்கும் இடையில் கொல்லப்பட்ட பத்துப் பெண்களுக்காக நான் இங்கே நிற்கிறேன். பின்னாலிருந்த பெண்கள் ஒரே குரலில், 'எங்கள் சகோதரிகளின் நினைவாக, நாங்கள் திருப்பிப் போராடுகிறோம்' என்றார்கள். அவர் தோளில் ஒரு சிவப்புத் துணி போர்த்தப்பட்டது. அடுத்தவர் பத்துப் பெண்களைத் தாண்டினார். அதே நாட்களில் அதே நகரத்தில் வன்புணர்வுக்கு ஆளான மற்ற பெண்களுக்காக நிற்கிறேன் என்றார். அப்புறம் சொந்த வீட்டில் அடிபடும் பெண்கள், சொந்தக் குடும்பத்தாராலேயே சீரழிக்கப்பட்ட சிறுமிகள் என்று வட்டம் விரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு தோளிலும் சிவப்பு ஏறியது. பத்தாவதாக வந்தவர், எல்லாப் பெண்களின் கோபத்துக்காகவும் நிற்கிறேன் என்றார். பிறகு கோரிக்கைகளைச் செய்தியாளர்களிடம் வாசித்தார்கள். பாடகி ஹாலி நியர் இதற்கென்றே எழுதிய பாடலைப் பாடினார்.

இதில் அவர்கள் போட்ட கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைக்காட்சிச் செய்தி ஒரு விஷயத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கொடுத்தால் அதிகம், அதிலும் எந்தத் துண்டை வெட்டி ஒட்டுவார்கள் என்று நம் கையில் இல்லை. அதனால் எந்தத் துண்டை வெட்டினாலும் பொருள் கெடாதபடி நிகழ்ச்சியைக் கட்டினார்கள். அமரர் ஊர்தி, கறுப்பு, ஏழடி, சிவப்பு: ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். ஒவ்வொரு பெண்ணும் சொன்னது ஒற்றை வாக்கியம். பாதியில் வெட்ட முடியாது. விளம்பரக்காரர்கள் மூளையைச் செலவழித்து ஒரு பலகையை எப்படிச் செதுக்குவார்களோ அதே கவனம். உயரமும் சும்மா இல்லை. அதுவரை அந்தச் செய்திகளில் பெண்ணின் உடல் தரையில் கிடந்தது. இப்போது கேமராக்காரர் லென்ஸை மேலே தூக்கவேண்டி வந்தது.

நிகழ்ச்சி அன்றைய செய்திகளில் வந்தது. நகர மன்ற உறுப்பினர்கள் சிலர் அங்கேயே ஆதரவு தெரிவித்தார்கள். கொலைகள் அதனால் நிற்கவில்லை. அடுத்த ஆண்டும் ஒரு பெண் கொல்லப்பட்டார். ஆனால் 'தனி ஒரு ராட்சசன்' என்ற கதைக்குப் பக்கத்தில் 'தினசரி நடப்பதன் ஒரு துளி' என்ற இன்னொரு வாசிப்பும் அதே திரையில் வந்து உட்கார்ந்தது.

இந்த வகைக் கலைக்கு எப்போதும் ஒரு கத்திமுனை உண்டு. கேளிக்கையைக் கண்டிக்கக் கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டம் கூடியதும் அதுவே கேளிக்கையாகிவிடலாம். லேசியும் லெபோவிட்ஸும் உடலை மறைத்து அதைச் சமாளித்தார்கள். கியூபாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அமெரிக்காவின் அயோவாவுக்கு அனுப்பப்பட்ட ஆனா மென்டியேட்டா எதிர்த்திசையில் போனார். 1973இல் அவர் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டார். சில வாரம் கழித்து மென்டியேட்டா சக மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே, செய்தித்தாளில் வந்திருந்த விவரங்களின்படியே, ரத்தம் வழியும் உடம்போடு மேசை மேல் கவிழ்ந்து கிடந்தார் அவர். அசையவில்லை. வந்தவர்கள் திடுக்கிட்டு, பிறகு உட்கார்ந்து, நடந்த கொடுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு மணிநேரம் போல அவர் அப்படியே இருந்தார்.

செய்தியாகப் படித்தபோது ஒரு பத்தியில் கடந்துபோன விஷயம். இப்போது அதே அறையில், அதே காற்றில். திரும்பிப் போகவும் முடியாது, ரசிக்கவும் முடியாது. இங்கே பார்ப்பவர் நிற்கும் இடம் சாட்சியின் இடம். இருந்தாலும் அந்த நிகழ்ச்சியின் புகைப்படம் இன்று இணையத்தில் தனியாகச் சுற்றுகிறது. அறையும் மௌனமும் இல்லாமல், வெறும் படமாக. அதை அப்படிப் பார்க்கும்போது நான் சாட்சியா, வேலிக்குப் பின்னால் நிற்கும் முதியவரா என்று எனக்கே தெளிவில்லை.

மென்டியேட்டா 1985இல் நியூயார்க்கில் 34ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். உடன் இருந்த கணவர், சிற்பி கார்ல் ஆண்ட்ரே, கொலைக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு 1988இல் விடுதலையானார். 2022இல் அந்த மரணத்தை வைத்து ஒரு பாட்காஸ்ட் தொடரே வந்தது, பகுதி பகுதியாக, 'அடுத்து என்ன' என்ற இழுவையோடு.

லேசி 2012 ஜனவரியில் தன் பழைய வேலையை மறுபடி எடுத்தார். அதே மூன்று வாரக் கணக்கு, லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம், போலீஸில் பதிவாகும் புகார்கள், சிவப்பு முத்திரை. 35 ஆண்டுக்கு முன்னால் அது கடைவளாகத்தில் நின்றது. இந்த முறை வரைபடத்தை வைத்த இடம் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் தலைமையகம்.